லம்பா லைன் கிளிப் படை

மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்து ஒரு ஊரின் வளர்ச்சியை அளக்கக் கூடாது, எவ்வளவு உற்சாகமாக விளையாடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும் என்பதைத் தீவு உற்சாக ஊக்குவிப்பு அலுவலகத்தின் தலைமை அதிகாரி திரு. கோவிந்தராஜ் அவர்கள் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்த வாரம், லம்பா லைன் சந்தில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதுவும் இருமிக்கொண்டு வந்தது.

மெயின்லேண்டுக்கு ஏதோ பயிற்சி என்று போன இடத்தில், பெரிய ஓட்டலில் பெரிய பெரிய ஆட்கள் மேஜையைச் சுற்றி நின்று, விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை போடுவதை அவர் பார்த்துவிட்டார். தாயக்கட்டை மாதிரி ஒரு கட்டையை உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு ஏற்ப இஞ்சு டேப் வைத்து அளந்து சிப்பாயை நகர்த்துவது, எதிராளி இடத்தைப் பிடிப்பது. இவ்வளவுதான் ஆட்டம். நம் பிள்ளைகள் ஆடினால் "படிக்கிற வேலையைப் பாரு" என்போம். ஓட்டலில் ஆடினால் அது நாகரிகம்.

அவர் ஒரு பெட்டி நிறையச் சிப்பாய்களோடு வந்து இறங்கினார். அடுத்த மாதமே அலுவலகத்தில் எல்லார் மேஜையிலும் ஒரு படை நின்றது. சிப்பாயின் மீசைக்குச் சாயம் தீட்டுவதற்கென்றே ஒருவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம் அங்கே போய் அதிகாரியைக் கேட்டால் "சாப் சீட்ல இல்ல" என்பார்கள். இப்போது "சாப் யுத்தத்துல இருக்கார்" என்றார்கள்.

முதலாம் அகில தீவு மேஜைப் போர்ப் போட்டி அறிவிக்கப்பட்டது. கடற்கரை ஹாலில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ஓரமெல்லாம் பலகை அடித்து, மேலே தார்ப்பாய் விரித்து, நடுவில் மண் குவித்துத் தீவு செய்தார்கள். கடலுக்கு நீலத் துணி விரிக்கலாம் என்றான் உதவியாளன் குணா.

"துணியா? மெயின்லேண்ட்லேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்கய்யா. தண்ணியே விடு."

"ஜன்னலுக்கு வெளியவே கடல் இருக்கு சாப். மோட்டார் போட்டா ரெண்டு நிமிஷம்."

கோவிந்தராஜ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடல் தண்ணி எடுக்க எத்தனை துறையில அனுமதி வாங்கணும் தெரியுமா? குடிதண்ணி எடுக்க யாருகிட்ட கேக்கணும் சொல்லு?"

குணா யோசித்துப் பார்த்தான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லைதான்.

இப்படியாக, லம்பா லைன் திருப்பம் வரைக்கும் வந்துவிட்ட தண்ணீர் லாரி, குடமும் கையுமாக நின்ற பெண்களைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

"யாராச்சும் போய்க் கேக்கணும்" என்றாள் உமா மகேஸ்வரி. அந்தச் சந்தில் வாய் உள்ளவள் அவள்தான். "ஷரீபா, நீ வாடி."

"நானா அக்கா?" ஷரீபா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். கடையில் உப்பு கேட்கவே மூன்று தடவை தொண்டையைச் செருமுகிறவள் அவள். பேசினால் பக்கத்தில் நிற்பவர் "என்னது?" என்று கேட்பார். உடனே அவள் "ஒண்ணுமில்ல" என்று வந்துவிடுவாள்.

"உன் இடுப்புல குழந்தை இருக்கு. பாத்தா இரக்கம் வரும். நீ பேச வேணாம், நான் பேசுறேன். நீ சும்மா பாவமா நில்லு."

பாவமாக நிற்க ஷரீபா ஒன்றும் தனியாகப் பழக வேண்டியதில்லை. குழந்தை ஜஸ்னாவுக்கு வேர்க்குரு முதுகெல்லாம் பூத்து, குளிப்பாட்ட வழியில்லாமல் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்தே நாள் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் குழந்தை, கையில் வாளியோடு கிளம்பினாள். துவைத்து எத்தனையோ நாளாகிவிட்டதால் துணிக் கிளிப்புகள் எல்லாம் வாளியின் அடியிலேயே கிடந்தன.

ஹாலுக்குள் போனதும் இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் சந்தின் தண்ணீர் அங்கே அலையடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்து அலை.

"பொதுமக்களுக்கு இங்க தண்ணி கொடுக்க விதி இல்லை" என்றார் கோவிந்தராஜ். "போட்டியாளர்களுக்கு மட்டும்தான்."

"அது எங்க தெருத் தண்ணி சார்!" என்றாள் உமா.

"அது முன்னாடி. இப்ப அது கடல்."

குணா அவர் காதருகே குனிந்தான். "சாப், மகளிர் பிரிவுல ஒரு டீம்கூட இல்ல. விருந்தாளிங்க கேட்டா பதில் சொல்லணும். இந்தத் தீதியைச் சேத்துடலாமா?" தீவில் முகம் தெரியாத அக்கா எல்லாரும் தீதிதான்.

கோவிந்தராஜின் முகம் மலர்ந்தது. "அம்மா, உங்ககிட்ட படை இருக்கா?"

ஷரீபா பயந்துபோய் வாளியைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிளிப்புகள்.

"விதிப்படி படைக்கு வண்ணம் தீட்டியிருக்கணுமே."

"கம்பெனியிலயே தீட்டித்தான் வருது" என்றாள் உமா.

குழு கூடி ஆலோசித்து அதை ஏற்றுக்கொண்டது. மகளிர் பிரிவில் வேறு அணி இல்லாததால் முதல் சுற்று, கால் இறுதி, அரை இறுதி எல்லாவற்றிலும் ஷரீபா வென்றதாக மைக்கில் அறிவித்தார்கள். ஜஸ்னா கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் அவள் அம்மா இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள்.

அதில் அவளோடு மோத ஆண்கள் பிரிவிலிருந்து வந்திருந்தவர் கோவிந்தராஜ். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் அவரிடம் தோற்றிருந்தார்கள். அதுவும் லேசில் தோற்கவில்லை. அவர் அவ்வளவு மோசமாக ஆடுகிறவர் என்பதால், தோற்பதற்கு அவர்கள் வீட்டில் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் தன் சிப்பாய்களுக்கெல்லாம் ஒரேயடியாக மருத்துவ விடுப்பு கொடுத்துத் தோற்றார்.

"நாலு கரையிலயும் யார் ஆள் நிக்குதோ அவங்களுக்குத்தான் கடல்" என்று குணா விளக்கினான். "பிடிச்ச இடம் பிடிச்சவருக்கே சொந்தம். இது சாப் கைப்பட எழுதின விதி."

ஷரீபாவுக்கு 'பிடிச்சவருக்கே சொந்தம்' என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. கோவிந்தராஜின் தளபதி வாளை உயர்த்தியபடி முன்னால் வந்து நின்றான். தங்கச் சாயம், சிவப்புக் கொண்டை, பார்க்க மிட்டாய் மாதிரி இருந்தான். ஜஸ்னா இடுப்பிலிருந்து எக்கினாள். அடுத்த நொடி தளபதி அவள் வாய்க்குள்.

"ஐயோ! என் தளபதி!"

ஷரீபா பதறி, விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். எச்சில் ஒழுகியவனைப் பழக்க தோஷத்தில் கடலிலேயே அலசி, முந்தானையில் துடைத்து, பழைய இடத்தில் வைத்தாள்.

"வைக்கக் கூடாது தீதி!" குணா விதிப் புத்தகத்தைப் புரட்டினான். "களத்தை விட்டுப் போன தளபதி திரும்பி வந்தா, உடல் தகுதிச் சான்று தரணும். தரும்வரை பொறுப்பில இருக்க முடியாது."

"அப்ப துணைத் தளபதி பொறுப்பெடுக்கட்டும்" என்றார் கோவிந்தராஜ்.

"தளபதி கையெழுத்து போட்டுப் பொறுப்பை ஒப்படைக்கணுமே சாப். விதி."

"எந்த மடையன் எழுதினான் இதை?"

குணா புத்தகத்தின் அட்டையைத் திருப்பிக் காட்டினான். கோவிந்தராஜ் தன் பெயரைத் தானே படித்துக்கொண்டார். விருந்தாளிகள் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அந்தப் பக்கத்துப் படை ஆணைக்குக் காத்து அசையாமல் நின்றது. அலுவலகத்துக்குப் பழக்கமான காட்சிதான். ஷரீபா கட்டையை உருட்டினாள், டேப் பிடித்தாள், கிளிப்பை எடுத்துத் தார்ப்பாய் விளிம்பில் கடிக்க வைத்தாள். திரும்ப உருட்டினாள். கொடியில் துணி போடுகிற மாதிரி ஒரு கரை, இரண்டு கரை, நாலு கரையும் முடிந்தது.

கைதட்டல் அடங்கியதும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அப்ப இந்தத் தண்ணிய நான் கொண்டுபோகலாமா சார்?"

சொல்லி அனுப்பிய அரைமணியில் லம்பா லைனே குடத்தோடு வந்து நின்றது. கடலைச் சுமந்துகொண்டு போனார்கள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, கடல் கடல் மாதிரி இருக்க வேண்டும் என்று அதில் சொட்டு நீலம் கலந்திருக்கிறார்கள். குடிக்க உதவாது. ஜஸ்னாவைக் குளிப்பாட்டினால் நீலக் குழந்தையாக வருவாள். அன்றைக்கு லம்பா லைனில் வெள்ளை வேட்டிகள் மட்டும் பளபளத்தன.

கோவிந்தராஜ் சும்மா இருக்கவில்லை. "மேஜைப் போர் வாயிலாக ஒரு பகுதியின் குடிநீர்ப் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டியது. இனி மாதாமாதம் போட்டி, வெல்லும் தெருவுக்கே லாரி, இந்தத் தடவை நீலம் கலக்காமல் என்று ஆணை வந்தது.

ஆணை தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பகுதியான ஷாதிபூரில் ஒரு படை திரண்டது. பத்துபஸ்தியில் இரண்டு. அங்கே இரண்டு சம்பந்தி வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை நின்று போனதும் அதனால்தான். லம்பா லைனில் தண்ணீர் இல்லாவிட்டாலும் சாயத்துக்குப் பஞ்சமில்லை. ஷரீபா பொதுத் தளபதி. உப்பு கேட்கத் தொண்டை செருமியவள் குரல் இப்போது ஏர்போர்ட் வரைக்கும் கேட்டது. "உமாக்கா, இடது கரை! இடது கரைன்னா சோத்துக் கையா அது?"

அப்படி ஒரு காலை, ஷாதிபூரோடு தெரு முனையில் ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, சந்துக்குள் ஏதோ சத்தம். குழாய் இருமவில்லை. கொட்டியது. தெளிந்த தண்ணீர், முழு வேகத்தில்.

"ஷரீபா, தண்ணிடி!" உமா பாதி எழுந்தாள்.

"உக்காருங்கக்கா. நடுவுல எந்திரிச்சா தோத்ததா எழுதிருவாங்க. தோத்தா லாரி அவங்களுக்குப் போயிரும். அப்புறம் தண்ணிக்கு எங்க போறது?"

நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. உமா உட்கார்ந்தாள். ஷரீபா கட்டையை உருட்டினாள்.

குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரம் ஆள் வரும் என்று பார்த்தது. பிறகு சாக்கடையில் இறங்கி, எந்தத் துறையின் அனுமதியும் கேட்காமல் கடலில் போய்ச் சேர்ந்தது.