மீன்பாடி வண்டிக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார் மூக்கு

வாய்ப்பேச்சில் கெட்டிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் விற்றுவிடலாம் என்று நம்பிவிடுவான். இளவயதில் எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் அந்தோணி என்பவரின் மோட்டார் பட்டறையில் வேலை. (வேலை என்றால், ஸ்பானர் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயடிப்பது.) அவர் மகள் ஸ்டெல்லாவும் நானும் மாதாகோயில் வாசலில் கண்ணாலேயே பேசிப் பழகியிருந்தோம். ஒருநாள் துணிந்து பெண் கேட்டேன். முதலாளி பட்டறை மூலையைக் காட்டினார்.

சோழவரம் கார் ரேஸில் பாதையோர டிரம்மில் மோதிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பாடி செட் அங்கே கிடந்தது. நெருப்புச் சிவப்பில் ஃபைபர் மூக்கு, பக்கப் பலகைகள், பின்னால் மாட்டும் இறக்கை. கார்க்காரர் புதுசு மாட்டிக்கொண்டு இதைத் தலைமுழுகிவிட்டார். மூக்கின் ஓரத்தில் ஒரு விரிசல்.

"எடத்த அடச்சிகினு கீது. ஞாயித்துக்கெழமக்குள்ள வித்துட்டு வா, பொண்ணு தரேன். இல்லாங்காட்டி தூத்துக்குடி மாப்ளைக்கு சரின்னுடுவேன்."

எண்ணூர் பங்களா ஒன்றில் அதே ரகக் கார் வைத்திருந்த இளைஞரைப் பிடித்தேன். சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். லாரி வைக்க வக்கில்லை. நண்பன் காசிமின் மீன்பாடி வண்டிதான் கிடைத்தது. மூன்று சக்கரம், மிதிக்கிற ஆளுக்கு முன்னால் மீன் கூடை வைக்கும் பலகை. அடுக்கி வைத்தால் உரசும் என்று, காரில் இருப்பதுபோலவே முன்னால் மூக்கையும் பக்கத்தில் பலகைகளையும் பின்னால் இறக்கையையும் வண்டியில் கட்டிவிட்டேன். (என் மூளைதான்.)

"மாமு, என் வண்டிக்கு மூஞ்சி மொளச்சிடுச்சு!" என்றான் காசிம்.

காலையில் மீன் இறக்கிய வண்டி. வெயில் ஏற ஏற, அந்த வாசனை ஃபைபரில் குடியேறியது. திருவொற்றியூர் தாண்டும்போது பின்னால் பூனைகள் ஊர்வலம் வந்தன.

பங்களா கேட்டில் இளைஞரின் அம்மா நின்றிருந்தார். "வஞ்சிரம் என்ன விலைப்பா?"

"அம்மா, இது ஸ்போர்ட்ஸ் கார்."

அவர் சிவப்பு மூக்கை உற்றுப் பார்த்தார். "அப்ப சுறாவா?"

இளைஞர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இதை மாட்டினா என் கார்ல பூனைதான் ஏறும்." கேட் சாத்தப்பட்டது.

காசிம் வண்டியை ராயபுரம் பக்கம் திருப்பினான். எனக்கு ஸ்டெல்லா தூத்துக்குடி ரயில் ஏறுவதுபோலவே தெரிந்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நடுரோட்டில் நின்றிருந்தது. திறந்த கார் புகை கக்கிப் படுத்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன், காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ராயபுரத்துல பொண்ணு வூட்டுக்காரங்க தெருமொனைல நிக்கிறாங்கோ. மாப்ள நடந்து போனா என் மானம் இன்னாவறது?"

அப்போதுதான் எங்களைப் பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மூச்சை இழுத்தார்.

"கொஞ்சம் மீன் நாத்தம்..." என்று நான் இழுத்தேன்.

"நாத்தமா? நமக்கு சோறு போடற வாசன நைனா! மாப்ள, ஏறு!"

பலகையில் ஜமுக்காளம் விரித்தார்கள். விரிசல்மேல் ஒரு மாலை. பேண்டு முழங்க, காசிம் ராஜாவின் சாரதிபோல நிமிர்ந்து மிதித்தான். ஹார்ன் இல்லாத குறையை நான் பக்கத்தில் ஓடி வாயால் தீர்த்தேன். பெண் வீடு எங்கள் பட்டறைக்கு எதிர்ச்சந்து! பட்டறை வாசலில் அந்தோணி முதலாளி பீடி விழுந்தது தெரியாமல் நின்றார். பெண் வீட்டார், "எந்த ஊரு காரு?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை இறங்கியதும் தாய்மாமன் என் தோளில் கை போட்டார். "எடுத்துனு பூடாத. எங்க மீன்பாடி வண்டியில மாட்டிக்கிறேன். இனிமே நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இதான் காரு." பேரம் பேசாமல் வாங்கினார்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு பூச முடிஞ்சதும் உங்கப்பாவ வூட்டுக்கு வரச்சொல்லு."

பல வருடம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க ஓர் இன்ஜினீயர் வந்தார். ஸ்டெல்லா படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"தம்பி, நீ இதுவரைக்கும் இன்னா வித்திருக்க?"

பையன் மிரண்டுபோய், "ஒரு சைக்கிள் வித்திருக்கேன் ஆன்ட்டி" என்றார்.

"ஒடஞ்சதா?"

"இல்ல ஆன்ட்டி, நல்ல சைக்கிள்."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினாள். "நல்லத எவன் வேண்ணாலும் விப்பான்."

அவர்தான் இன்று எங்கள் மருமகன். வீட்டில் எது உடைந்தாலும் விற்று வரச்சொல்லி முதலில் அவர் கையில்தான் கொடுக்கிறோம்.