இறந்தவர் கட்டிய பந்தயம்

நிச்சயம் அண்ணை சொன்ன எதுவும் இந்த மொன்றியலில் ஒருநாளும் நடந்ததில்லை. "இண்டைக்கு ஸ்னோ கொட்டாது, நிச்சயம்!" என்பார். நாங்கள் உடனே பனி அள்ளும் சவளை எடுத்து வாசலில் வைத்துவிடுவோம். அவருடைய உண்மையான பெயர் வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரிக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் செயின்ட்-மிஷேலில் ஒரு மேல்மாடியில் நாலு பேர் ஒன்றாக இருந்தோம். அண்ணைக்கும் எனக்கும் செயின்ட்-லோரன்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். வீடு திரும்பினால் அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார். கிரிக்கெட்டுக்கு இணையத்தில் பந்தயம் கட்டுவதும் தோற்பதும்தான் அவருடைய பொழுதுபோக்கு.

அப்போது நடந்த உலகக் கிண்ணத்தில் ஒரு குட்டி அணி பெரிய அணியொன்றோடு மோதியது. அண்ணை ஐம்பது டொலரைக் குட்டி அணியில் போட்டார். வென்றால் ஒன்றுக்கு முப்பது.

"அண்ணை, காசைக் குப்பையில போடுறியள்."

"நிச்சயம் வெல்லும் தம்பி! எழுதி வையும்!"

வென்றது! அண்ணை கதிரையில் ஏறிக் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரி தரை கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள். ஆயிரத்தைந்நூறு டொலர்! திருகோணமலையில் ஆறு வருடமாகக் காத்திருந்த அவருடைய மனைவி ஜூலையில் வருகிறார். அதற்காக அண்ணை தனிவீடு பார்த்து வைத்திருந்தார். இந்த ஊரில் வாடகை வீட்டுக்கு அடுப்பும் ஃபிரிட்ஜும் நாங்களேதான் வாங்கிப் போடவேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு ரைஸ் குக்கர் மட்டும்.

ஆனால் பந்தயக் கம்பனி காசு தர மறுத்துவிட்டது. கணக்கைத் திறக்கும்போது அண்ணை எங்கள் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னாலும் எழுதியிருந்தார். கனடா அடையாள அட்டையிலோ அது தலைகீழாக இருந்தது. "கணக்குக்காரர் வேறு, நீங்கள் வேறு" என்று கடிதம் வந்தது.

அண்ணை ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைபேசியில் சண்டைக்குப் போனார். முதல் பெயர் தன் அப்பாவுடையது என்று ஆங்கிலத்தில் கத்தினார். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அப்படியானால் அப்பாவையே பேசச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். அவர் செத்துவிட்டார் என்றார் அண்ணை. அவள் குரல் தணிந்தது. ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தாள். பிறகு மரணச் சான்றிதழை அனுப்புங்கள், நீங்கள் வாரிசா என்று பார்க்கிறோம் என்றாள்.

"என்ர காசுக்கு நானே வாரிசோ?" என்று அண்ணை தலையில் கைவைத்தார்.

மூன்று கிழமையில் அவருடைய தம்பியார் ஊரிலிருந்து சான்றிதழை அனுப்பினார். அண்ணை அதைப் பிரித்து நின்றபடியே வாசித்தார். தகப்பன் இறந்தபோது அகதி வழக்கு முடியாததால் அவரால் போக முடியவில்லை. அந்தக் கடதாசியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பிறகு அதை என்னிடம் நீட்டிவிட்டுக் கதிரையில் குந்தினார்.

நான்தான் திகதியைக் கவனித்தேன். "அண்ணை, இது பிழைக்கப்போகுது. உங்கட அப்பா செத்து நாலு வருசத்துக்குப் பிறகெல்லோ கணக்குத் திறந்திருக்கிறார்!"

அண்ணை துள்ளி எழும்பினார். "அதுதான் தம்பி ஆதாரம்! செத்த மனுசன் பந்தயம் கட்ட ஏலுமோ? அப்ப கட்டினது நான்தானே! நிச்சயம் தருவாங்கள்!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் காசு போனதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் இருவருமாக உட்கார்ந்து கடிதம் எழுதினோம். செத்தவருக்கு இணையம் எப்படிக் கிடைத்தது என்று விளக்கும்படி கம்பனியைக் கேட்டோம். பதிலே இல்லை. திரும்பவும் எழுதினோம். ஜூன் கடைசிக் கிழமை முழுக்காசும் வந்து சேர்ந்தது! நாலு பேரும் சமையலறையில் ஆடினோம். தும்புத்தடி இடித்துக்கொண்டே இருந்தது.

அடுப்பையும் ஃபிரிட்ஜையும் அண்ணையின் புதுவீட்டு வளைந்த இரும்புப் படிகளில் நாங்களே தூக்கி ஏற்றினோம். மனைவி வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, "இவ்வளவும் ஆர் வாங்கினது?" என்று கேட்டார்.

"உம்மட மாமா வாங்கித் தந்தவர்" என்றார் அண்ணை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணை தனிவீடு போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கீழ்வீட்டுக்காரி நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.