ஒரே காரில் ஏறாத சாவி மேடம்

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் கார் சாவி சாக்கடைக்குள் விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் பாலம் தாண்டி அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் என் மகள் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து அவள் தோழி போன் செய்தாள். மகள் மோட்டார் சைக்கிளோடு வழுக்கி விழுந்துவிட்டாள், அக்கரையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள் என்றாள். நினைவு இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

மகள் இப்போது காலில் கட்டோடு சோபாவில் படுத்துக்கொண்டு, சூப்பில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் போன் மணி அடித்தால் எடுக்கப் பயம். அதனால் அவளைப் பற்றி எழுதவில்லை. சாவி மேடத்தைப் பற்றி எழுதுகிறேன். பினாங்கில் அவரைவிட ஜாக்கிரதையான மனுஷி பிறக்கவில்லை. பிறந்திருந்தால், இரண்டு பேரும் ஒரே தீவில் இருக்க மேடம் சம்மதித்திருக்க மாட்டார்.

துறைமுகத்துப் பக்கம் இருந்த எங்கள் வங்கிக் கிளையில் பெட்டக அறைச் சாவியை வாங்கிய முதல் பெண் அவர். அதுவரை அது ஆண்களின் இடுப்பில்தான் தொங்கியது. "பொம்பள கையில குடுத்தா கொழம்புச் சட்டி பக்கத்துல வச்சிட்டு வந்துரும்" என்று ஒரு மூத்த அதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னாராம். மேடம் ஓய்வு பெறும்வரை அந்தச் சாவியை ஒரு சங்கிலியில் கோத்து உடம்போடு வைத்துக்கொண்டார்.

அவர் கல்யாணத்தன்று நடந்ததை வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா எனக்குச் சொன்னார். அது சனிக்கிழமை, அந்தக் காலத்தில் அரை நாள் வங்கி உண்டு. சாவியைக் கைமாற்றி வாங்க வேண்டியவருக்குக் காய்ச்சல். மேடம் கல்யாணச் சேலையும் தலையில் பூவுமாக வந்து பெட்டகத்தைத் திறந்துவிட்டு, தேவாலயத்துக்குப் போனார். பின்னாலேயே பதறி வந்த மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தாராம். "அவர் ஸ்டாஃப் இல்ல, வெளிய நிக்கச் சொல்லு" என்று ஜாகாவுக்கு உத்தரவு. அந்த மாப்பிள்ளை பிறகு வாழ்நாள் முழுக்க எங்கள் வங்கிக்கு வெளியேதான் நின்றார்.

எங்கே விட்டேன்? சாக்கடை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நல்ல மழை. கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறேன், கறுப்புத் தண்ணீர்தான் ஓடுகிறது. கணவர் வேலையாக ஈப்போவில். செயலியில் கூப்பிட்ட வாடகைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கின்றன. பாலத்தில் நெரிசலாம்.

பெட்டகம் திறக்க இரண்டு சாவி வேண்டும், இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பல வருடம் நான்தான். இரண்டு சாவிக்காரர்களும் ஒரே வண்டியில் போகக்கூடாது என்று ஒரு வழக்கம். மற்றவர்கள் அதை மேலதிகாரி பார்க்கும்போது கடைப்பிடிப்பார்கள். மேடம் அதற்குக் கிளையும் இலையும் வளர்த்தார். நான் இருக்கும் மின்தூக்கியில் ஏற மாட்டார். நான் கோழிக் குழம்பு வாங்கினால் அவர் மீன் வாங்குவார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வயித்தால போனா நாளைக்கு யாரு தொறக்கறது?" என் கல்யாண விருந்துக்கு வந்து, கைப்பையிலிருந்து வீட்டு ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். என் மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்களுக்குள் ஏதோ பகை என்று நினைத்துவிட்டார் தேநீர் போடும் அக்கா. நாங்கள் சமாதானமாக வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்து, பொங்கல் கொண்டுவந்து இருவருக்கும் பங்கு வைத்தார். மேடம் பக்தியோடு தன் பங்கைச் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ நாளைக்குச் சாப்பிடு" என்றார்.

பயிற்சிக்கு பட்டர்வொர்த் போகும்போது அவர் முதல் ஃபெர்ரியில், நான் அடுத்ததில். அக்கரையில் நான் இறங்கும்போது அவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். வெயிலானாலும் மழையானாலும். என்னைப் பார்ப்பார், திரும்பி முன்னால் நடப்பார். சாவி பத்திரமாக வந்துவிட்டதா என்று பார்க்கிறார் போலும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பின்னால் அந்தக் கிளையின் முதல் பெண் மேலாளரும் ஆனார். நாற்காலி மாறியது, பழக்கம் மாறவில்லை. அவர் ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. நானும் போன வருடம் வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் வங்கி என் உடம்பிலிருந்து வெளியே போகவில்லை. சாவி தொலைந்தால் முதல் போன் அடுத்த சாவிக்காரருக்கு. அதுதான் எங்கள் விதி. அந்த மழையில் என் விரல் தானாகவே அந்த எண்ணைத் தேடி அழுத்தியது.

"மேடம், சாவி போச்சு."

ஓய்வு பெற்ற மனுஷிக்கு மாரடைப்பு வரவழைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"எந்தச் சாவி?"

"காடி சாவி."

அதற்குப் பிறகுதான் மகள் விஷயத்தைச் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"எங்க நிக்கிற?"

"ஃபிளாட்டு கீழ."

"அங்கயே நில்லு. சாக்கடைல கைய விடாத."

நின்றேன். நின்றேன் என்பது பொய். தூணுக்கும் சாக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தோழிக்கு அடித்தால் போன் அணைந்திருக்கிறது. மகளுக்கு அடித்தால் மணி மட்டும் போகிறது. இனி அது எடுக்கப்படவே போவதில்லை என்று ஒரு கணம் நிச்சயமாகத் தோன்றியது. அந்தக் கணத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

மழைக்குள்ளிருந்து அவருடைய பழைய சின்னக் கார் வந்து நின்றது. புலாவ் திக்குஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து, வீட்டுச் செருப்போடும் குளித்த தலையில் துண்டோடும் வந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார். நான் குனிந்து, என்னையறியாமல் சொன்னேன்: "நீங்க முன்னால போங்க மேடம். நான் வேற காடி புடிச்சு பின்னால வரேன்."

சாவி மேடம் எட்டி என் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"சாவியெல்லாம் எப்பவோ குடுத்தாச்சுலா. இத்தன வருசம் ஒன்ன தனியா அனுப்பிட்டு, வந்து சேருவியான்னு கரையில நின்னேன். இன்னிக்குத் தனியா போக வேணாம். ஏறு."