பத்து லிட்டர் பை

மானமும் மரியாதையும் மிகுந்த, வயிறும் கொஞ்சம் மிகுந்த என் மூத்த மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிரோடு இருக்கிற பால்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் மகளும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே தாங்களும் தங்கள் தொப்பையும் நலமா என அறிய ஆவல்.

என்னடா இவன், போன் இருக்கும்போது கடுதாசி எழுதுறானேன்னு பாக்குறீங்க. போன் இப்ப இல்ல மச்சான். பாலில் மூழ்கி உயிரை விட்டது. எப்படின்னு பின்னாடி சொல்றேன். மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து இது. கொம்பு, கால் எங்கயாவது விட்டுப்போயிருந்தா நீங்களே ஒட்டிக்கோங்க. விஷயம் பெருசு. என் சைக்கிள் இப்ப உங்க வாயிலதான் இருக்கு. அது இந்த வீட்டுல நிக்கணுமா, போகணுமான்னு நீங்கதான் சொல்லணுமாம். உங்க தங்கச்சி தீர்ப்பு.

நடந்ததைக் கேளுங்க. காலையில பால் போடப் போகும்போது பால் பெட்டி பின்னாடி கேரியர்ல இருக்கும், உங்களுக்குத் தெரியும். என் சாமானெல்லாம் ஹேண்டில்ல தொங்குற துணிப்பையில. போன், கடைச்சாவி, பஞ்சர் ஒட்டுற டப்பா, மழைக்கோட்டு, தண்ணி பாட்டில், மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான் நம்ம சொத்து. அந்தப் பை நாள் பூரா என் முழங்காலை இடிச்சுக்கிட்டே வரும், நானும் பழகின பொண்டாட்டி மாதிரி பொறுத்துக்கிட்டேன். (இந்த வரியை உங்க தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டாதீங்க.) போன வாரம் தெரு முனையில திரும்பும்போது பை முன்சக்கரத்துக்குள்ள மூக்கை நுழைச்சிடுச்சு. சக்கரம் நின்னுச்சு, சைக்கிள் நின்னுச்சு, நான் மட்டும் நிக்கல. தையல்காரர் வீட்டு வாசல்ல போய்த்தான் நின்னேன், அதுவும் குப்புற. அவர் கதவைத் திறந்து, "பால் இவ்வளவு கிட்டக்க கொண்டுவர வேணாமே, வாசல்ல வச்சாப் போதும்"ங்கறார். ஊரையே கிண்டல் பண்ணின எனக்கு ஒருத்தன் பதில் கிண்டல் பண்ணிட்டான் மச்சான், முழங்காலைவிட அதுதான் வலிச்சுது.

வீட்டுக்கு வந்தா உங்க தங்கச்சி மருந்து போட்டுக்கிட்டே ஆரம்பிச்சா. "பல்லு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பல்லு போனா என்ன, நாக்கு இருக்குதே."

"அது போயிருந்தாத்தான் இந்தத் தெருவுக்கே நிம்மதி. இந்தா பாருங்க, ஹேண்டில்ல ஒரு நூல் தொங்கக் கூடாது. ரெண்டு கையும் சும்மா இருக்கணும், சாமான் எல்லாம் முதுகுல இருக்கணும். இந்த வாரத்துக்குள்ள ஒழுங்கான பை வரலைன்னா சைக்கிளைப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுக்குக் குடுத்துடுவேன், நீங்க கடையில உட்காருங்க, பால் வேணும்ங்கறவங்க வந்து வாங்கிக்கட்டும்."

கடையில உட்கார்ந்தா வர்றவனைத்தான் கிண்டல் பண்ண முடியும். சைக்கிள்ல போனா தெருவையே பண்ணலாம். அது இல்லாம நான் எதுக்கு விடியறதுக்குள்ள எந்திரிக்கணும் சொல்லுங்க. அந்த எலக்ட்ரீஷியன் வேற, அவ சொன்னது காதுல விழுந்ததுலேர்ந்து தினமும் வந்து என் சைக்கிள் சீட்டைத் தட்டிப் பாக்குறான், ஏதோ மாட்டைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி.

முதல்ல செலவில்லாம முடிப்போம்னு மகளோட பழைய ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டுப் போனேன். அது என்னைவிட அகலம், முயல் படம் போட்டது. காத்துல அது கப்பல் பாய் மாதிரி விரியுது, நான் நேராப் போகணும்னா அது இடதுபக்கம் போகணும்ங்குது. ஒரு தோள்ல பட்டை வழுக்கி விழ, அதைத் தூக்கிவிட ஒரு கையை எடுக்க, சைக்கிள் சாக்கடையைப் பாத்துத் திரும்ப, அந்தத் தெரு டீச்சரம்மா மாடியிலேர்ந்து, "என்னப்பா, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சா? வீட்டுப்பாடம் முடிச்சியா?"ன்னு கேக்குறாங்க. நான் பாலை வச்சிட்டு ஓடியாந்தேன்.

அப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா? தொப்பை குறைய லீவு நாள்ல சைக்கிள் ஓட்டுறீங்களே, சைக்கிள் தேஞ்சுதே தவிர தொப்பை தேயலைன்னாலும் பை விஷயத்துல நீங்க அனுபவஸ்தர். நீங்க என்ன சொன்னீங்க? "மாப்ளே, பெருசெல்லாம் வேணாம், விலை உயர்ந்ததும் வேணாம். பத்து லிட்டர் பை போதும். மார்புல ஒரு பட்டை இருந்தா ஆடாது. முதுகுப் பக்கம் காத்து போகணும், மழைத்தண்ணி உள்ள போகக் கூடாது. போன் வைக்க முன்னாடி ஒரு சின்ன அறை இருக்கணும். அவ்வளவுதான்." சொல்லிட்டு வச்சிட்டீங்க. நான் ராப்பகலா யோசிச்சேன். பால்தான் பின்னாடி பெட்டியில இருக்கே, முதுகுல வேற எதுக்குப் பத்து லிட்டர்? ஆனாலும் மச்சான் படிச்சவர், ஆபீஸ்ல கையெழுத்துப் போடுறவர், காரணம் இல்லாம சொல்லமாட்டார்னு நம்பினேன். உங்களை நம்பினது இந்த ஜென்மத்துல ரெண்டாந்தடவை. முதல் தடவை என் கல்யாணம்.

பால் போட்டு வர்ற வழியில பைக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், ரொம்பப் பொறுமைசாலி, அன்னிக்கு வரைக்கும். "பத்து லிட்டர் பை குடுங்க"ன்னேன். சாம்பல் கலர்ல ஒண்ணை எடுத்து வச்சாங்க. சின்னத் தலகாணி மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இது பத்து லிட்டரா? யார்கிட்டம்மா கதை விடுறீங்க? நான் பால்காரன்."

"அதுக்கென்னண்ணே? பத்து லிட்டர்தான். சீட்டுல போட்டிருக்கு பாருங்க."

"சீட்டுல போட்டா ஆச்சா? அளந்து காட்டணும்ல?"

வெளியில போய்ப் பெட்டியில கடைக்குன்னு மீதி இருந்த பாக்கெட்டை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்தேன். பத்து லிட்டர்னா இருபது அரை லிட்டர் பாக்கெட், கணக்குல என்னை யாரும் ஏமாத்த முடியாது. முதல்ல முன்னாடி இருந்த சின்ன அறையில போனை வச்சேன், அங்கே போன் வைக்கணும்னு நீங்களே சொல்லியிருந்தீங்க. அப்புறம் பாக்கெட்டை அடுக்கினேன். பன்னிரண்டு போச்சு. பதிமூணு, திணிச்சேன். பதினாலு, பை மூச்சுத் திணறுது. "அண்ணே, வேணாம்ணே"ங்கறாங்க அவங்க. "இன்னும் ஆறு பாக்கெட் இருக்கும்மா, மூணு லிட்டர் குறையுது, இதைத்தான் நாங்க அளவுல கைவைக்கிறதுன்னு சொல்லுவோம்"னு சொல்லிக்கிட்டே முட்டியால அழுத்தி ஜிப்பை இழுத்தேன். அடிபட்ட முட்டி வேற. வலி தாங்காம முழு எடையையும் போட்டுட்டேன் போல. உள்ளுக்குள்ள பொத்துன்னு ஒரு சத்தம்.

ஒரு பாக்கெட் இல்ல மச்சான், மூணு. ஆனா ஒண்ணு சொல்லணும், பை நல்ல பை. ஒரு சொட்டு வெளியில வரல. தண்ணி உள்ள போகாதுன்னா பாலும் வெளியில வராதுதானே. அத்தனை பாலும் உள்ளேயே தளும்பி, முன்னாடி அறைக்கு ஏறி, என் போனைக் குளிப்பாட்டிடுச்சு. எடுத்தப்போ ஒரு தடவை மினுக்குன்னு வெளிச்சம் காட்டிச்சு. அதான் கடைசி. அப்ப உங்களோட போன்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு, "பை வாங்கிட்டியா மாப்ளே"ன்னு கேக்கக் கூப்பிட்டிருப்பீங்க.

கடைக்காரம்மா துணியை எடுத்துக் கையில குடுத்தாங்க. குரலைக்கூட ஏத்தல. "அண்ணே, லிட்டர்னா பால் இல்ல. பைக்குள்ள எவ்வளவு இடம் இருக்குங்கறதுக்கு ஒரு அளவு."

"இடத்தையா லிட்டர்ல அளக்குறாங்க?"

"ஆமா. உள்ள இருக்கிற காலி இடத்தை."

"அப்ப நீங்க விக்கிறது காலி இடமா?"

"பையை விக்கிறோம். காலி இடம் சும்மா."

"சும்மான்னா எனக்கு இருபது லிட்டரா குடுங்க."

"அது பெரிய பைண்ணே, விலை ஜாஸ்தி."

"இப்பத்தானே சும்மான்னீங்க?"

அதோட அவங்க பொறுமை தீர்ந்துபோச்சு. பாலாபிஷேகம் ஆன பையை நான் தவிர யாரும் வாங்கமாட்டாங்கன்னு என் தலையிலயே கட்டிட்டாங்க. மலிவுதான், அதுல குறை சொல்லக்கூடாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் இத்தனை வருஷம் பாலை மட்டும் லிட்டர் கணக்குல வித்து ஓட்டாண்டியா இருக்கேன். காலி இடத்தை அளந்து காட்டலாம்னு யாராவது சொல்லியிருந்தா உங்க தலையை மட்டும் வச்சே நாலு கடை போட்டிருப்பேனே. (இதை அடிச்சிடறேன். உதவி கேக்குற நேரத்துல வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. அடிச்சாச்சுன்னு வச்சுக்கோங்க.)

நல்லாக் கழுவிட்டோம்னு நெனச்சுத்தான் மறுநாள் மாட்டிக்கிட்டுப் போனேன். மீன்காரர் வீட்டுப் பூனை பின்னாடியே வந்துச்சு. அடுத்த தெருவுல அதோட சொந்தபந்தப் பூனைங்க எல்லாம் சேர்ந்துக்கிச்சு. டீச்சரம்மா வீடு வரும்போது நான் முன்னாடி, எனக்குப் பின்னாடி ஊர்வலம். அவங்க மாடியிலேர்ந்து கைதட்டினாங்க.

வீட்டுக்கு வந்து பையைக் கழட்டலாம்னா மார்புப் பட்டையோட கொக்கி திறக்கல. பால் காய்ஞ்சு பசையாப் பிடிச்சிருக்கு. உங்க தங்கச்சி இழுத்தா, மக இழுத்தா, நான் பையோட உட்கார்ந்து சாப்பிட்டேன், பையோட கடையைத் திறந்தேன். கடைசியில எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டியதாச்சு. ஸ்குரூ டிரைவரோட வந்தான். என் நெஞ்சுல வேலை பாக்குறான், கண்ணு மட்டும் சைக்கிள் மேல. "அண்ணே, பிரேக் கட்டை புதுசா?"ங்கறான். "டேய், முதல்ல என்னைக் கழட்டுடா"ன்னேன். உங்க தங்கச்சி சுவத்துல சாஞ்சுக்கிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. கண்ணுல தண்ணி. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து நாளாச்சு மச்சான், அதனால நான் கோவிச்சுக்கல.

அப்புறம் சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு, வெயில்ல காயப்போட்டு, கொக்கிக்கு எண்ணெய் விட்டு, நேத்துக் காலையில மறுபடி போனேன். எப்படிச் சொல்ல! தூங்குற குழந்தை மாதிரி முதுகோட ஒட்டிக்கிச்சு. ஆடல, இடிக்கல, முதுகும் வேர்க்கல. மழைக்கோட்டு அடியில, பஞ்சர் டப்பா நடுவுல, கண்ணாடி மேல. மேடு ஏறும்போது எந்திரிச்சு நின்னு மிதிச்சேன், தையல்காரரைக் கிண்டல் பண்ணினேன், டீச்சரம்மாகிட்ட வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன்னு சொன்னேன். நீங்க சொன்ன பை சரியான பைதான். இதை எழுதும்போது என் கை கூசுது.

ஆனா உங்க தங்கச்சி மசியல. "பை நல்லாத்தான் இருக்கு, ஓட்டுற ஆளுதான் சரியில்லை. எங்க அண்ணன் சொல்லட்டும். அவர் சரின்னா சரி"ங்கறா. உலகத்துல அவ கேக்குற ஒரே பேச்சு உங்க பேச்சு. அதனால, மச்சான், என் தெய்வமே, "மாப்பிள்ளை நிதானமானவன், கைதேர்ந்தவன், சைக்கிள் அவனிடமே இருக்கட்டும்" என்று உடனே நாலு வரி எழுதிப் போடவும். உங்க தொப்பையைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஒரு மாசத்துக்காவது.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பும், படிப்பு பெருகி வாய் குறைய என் ஆசியும். எல்லாரும் நல்லா இருங்க, பால் மாதிரி பொங்குங்க, ஆனா வழியாதீங்க.

இப்படிக்கு,
தங்கள் தயவுக்குக் காத்திருக்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: நேத்து இதை எழுதி மேஜையில வச்சிட்டுப் பால் பெட்டியைக் கழுவப் போனேன். வந்து பாத்தா உங்க தங்கச்சி உட்கார்ந்து முழுசையும் வாசிச்சிட்டா. திட்டுவான்னு நின்னேன். "அவ்வளவு சுகமாவா இருக்கு அந்தப் பை?"ன்னு எடுத்து மாட்டினா. எனக்கு அரைச்சட்டை மாதிரி இருந்தது அவளுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. கொக்கி டக்குன்னு மாட்டுது, டக்குன்னு கழலுது. சின்ன வயசுல அவளுக்குச் சைக்கிள் கத்துக்குடுத்ததே நீங்கதானாமே? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா? இன்னிக்குக் காலையில "உங்களுக்கு முழங்கால் வலி, ஒரே ஒரு ரவுண்டு நான் போயிட்டு வரேன்"னு பெட்டியோட கிளம்பினவ, வெயில் ஏறித்தான் வந்தா. முகமெல்லாம் செவந்து, ஒரே சிரிப்பு. "தெருவுல எல்லாரும் உங்களைப் பத்தித்தான் கேட்டாங்க"ன்னா. எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. "என் உடம்புக்கு என்னன்னு கேட்டாங்களா?"ன்னேன். "இல்லீங்க. 'இனிமே தினமும் நீங்கதானேம்மா வருவீங்க?'ன்னு." அவளும் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கா. நான் காலையிலேர்ந்து கடையில உட்கார்ந்திருக்கேன், கிண்டல் பண்ண ஒரு ஈ வரல. அதனால மச்சான், மேலே எழுதினதை எல்லாம் மறந்துடுங்க. சைக்கிள் ரொம்ப ஆபத்து, அந்த வீட்டுக்கே ஆகாது, எலக்ட்ரீஷியனுக்கு உடனே தள்ளிவிடுன்னு உங்க தங்கச்சிக்குக் கண்டிப்பா எழுதுங்க. அப்பத்தான் தெருவே பால் வாங்கக் கடைக்கு வரும், கிண்டல் பண்ண எனக்கும் ஆள் கிடைக்கும். கடுதாசியைத் தபால்ல போடுறேன்னு பையைத் திறந்துக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறா. இந்தக் கடைசி வரிகளை இடது கையால மறைச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன்.