பாதி மொட்டையும் நூறு பங்குகளும்

பங்குச் சந்தையில் முதல் தடவை நஷ்டப்பட்டவன் பிழைத்துக்கொள்வான். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். முதல் தடவை லாபம் பார்த்தவன்தான் கெடுவான். அவனுக்கு அதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும். நான் நாற்பது பேரிடம் சொன்னேன். அந்த அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் லாரிகளுக்கு பில் போடும் வேலை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம் செல்போனில் ஒரு செயலியை இறக்கி, ஏதோ ஒரு பங்கை வாங்கி, ஒரு வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் லாபம் பார்த்தேன். ஆபீஸில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். (பரோட்டா செலவைக் கழித்தால் லாபம் இல்லை. அதை யார் கழித்தார்கள்.) அதன் பிறகு விலைப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சிவப்பும் பச்சையுமாகக் குத்துக்குத்தாக நிற்கும் அந்தக் கோடுகளுக்கு மெழுகுவத்தி என்று பெயர். தீப்பெட்டிக் கம்பெனியில் உட்கார்ந்து நாள் முழுக்க மெழுகுவத்தி பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் அக்கா செல்வியைக் கழுகுமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் முருகேசன் அங்கே எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் கதிர் பிறந்தான். அந்த நாலு வருஷமும் அக்கா எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லை. அதனால் அவனுக்கு முதல் மொட்டை, காதுகுத்து என்றால் எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. நான்தான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் மொட்டை போட வேண்டும். கழுத்துக்கு இரண்டு பவுன் சங்கிலியும் நான்தான் போட வேண்டும்.

அதற்கு அப்பா முன்பே வழி செய்து வைத்திருந்தார். ஸ்பின்னிங் மில்லில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, என் பெயரில் அரசாங்கத் தங்கப் பத்திரம் வாங்கிப் போட்டிருந்தார். தங்கம் விலை ஏறினால் பத்திரத்தின் மதிப்பும் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் வட்டியும் வரும். "தாய்மாமன் செய்முறைக்கு ஆகும்லா, கெடக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்.

கிடந்தது. அது அப்படிக் கிடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தினமும் மெழுகுவத்தி பார்க்கிறவன். என் கணக்கில் ஒரு பத்திரம் அசையாமல் கிடப்பது எனக்கு அவமானமாகப் பட்டது. விசேஷத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது அப்பாவிடம் சொல்லாமல் சந்தையில் அதை விற்று, வடக்கே எங்கேயோ சாயப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்கை மொத்தமாக வாங்கினேன். செல்போன் குழு ஒன்றில் அதைச் சொன்னார்கள். சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய படத்துக்குப் பதிலாக ஒரு சிங்கம் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பங்கு ஏறியது. மூன்று வாரத்தில் சங்கிலியோடு ஒரு மோதிரமும் செய்யலாம் என்ற அளவுக்கு ஏறியது. அப்போதே விற்றிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. நான் விற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போய் அத்தானிடம் அதைக் காட்டினேன். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னும் ஏறுமா மாப்ளே?"

"இப்பந்தான் அத்தான் கெளம்பியே இருக்கு" என்றேன். (அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காதுமடல் சுடுகிறது.)

அதற்கடுத்த வாரம் சந்தைக்குக் கிறுக்குப் பிடித்தது. காரணம் எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஒரு நாள் விழும், மறுநாள் பாதி ஏறும், மத்தியானம் மறுபடியும் விழும். நானும் அதோடு சேர்ந்து விழுந்து எழுந்தேன். ஒன்பதே கால் மணிக்குச் சந்தை திறக்கும் என்றால் எட்டரையிலிருந்தே செல்போனைத் திறந்து திறந்து மூடுவேன். மூன்றரைக்கு மூடும்போது லாரியில் நானே தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி இறக்கினவன் போல உடம்பு வலிக்கும். சேலத்துக்குப் போகிற லாரிக்கு வேலூர் என்று பில் போட்டேன். முதலாளி கூப்பிட்டு, "ஒடம்புக்கு ஏதும் சரியில்லயாப்பா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் அழுகை வந்துவிட்டது.

லாபம் முழுக்கக் கரைந்து, போட்ட முதலும் குறைய ஆரம்பித்தபோதும் நான் விற்கவில்லை. போனது திரும்பி வந்ததும் விற்றுவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் விசேஷ நாள் வந்துவிட்டது. நகைக்கடை அண்ணாச்சி அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். திங்கட்கிழமை பணம் தருவதாகச் சொல்லிச் சங்கிலியை வாங்கிக்கொண்டேன். முந்தின நாள்தான் சம்பளம் வந்திருந்தது. பங்கு இன்னும் இறங்கினால் கொஞ்சம் வாங்கிப் போடலாமே என்று அதையும் செயலிக் கணக்கில் போட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை. கழுகுமலை கோயில் பக்கம் முடியிறக்கும் கொட்டகை. ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். நான் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கதிர். முடியிறக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி அவன் தலையில் தண்ணீர் தடவி, கத்தியை எடுத்து இடது பக்கத்தில் ஆரம்பித்தார். பையன் வீறிட்டான். சுற்றி இருபது உறவினர்கள் நின்று அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் நான் மேல்சட்டைப் பையிலிருந்த செல்போனை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தேன்.

ஒன்பது இருபது. பங்கு அடியில் கிடந்தது. கம்பெனியின் கணக்கில் ஏதோ சிக்கல் என்று செய்தி ஓடியது. அதற்கு மேல் படிப்பதற்குள் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கொட்டகைக்குள் சிக்னல் கிடையாது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

"கத்தி வச்சிருக்கேன், அசையாதிய."

"ஒரே நிமிசம் அண்ணாச்சி. அவசரம்."

அவர் கத்தியை எடுத்ததும் பையனைத் தூக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவனுக்கு இடது பக்கம் வழவழவென்று மொட்டை. வலது பக்கம் முடி அப்படியே இருந்தது.

"ஏலே, எங்கன போற? மாமன் மடிய விட்டு எந்திரிக்கப்புடாதுல" என்று அக்கா கத்தியது கேட்டது.

"இந்தா வாரேன்க்கா."

வாசலைத் தாண்டி டீக்கடை ஓரம் வந்ததும் சிக்னல் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்கவும் மனசில்லை. முதலில் நூறு பங்கை விற்போம் என்று எண்ணைத் தட்டி, பொத்தானை அமுக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. விழுகிற பங்கு இத்தனை வேகமாக விற்குமா என்று எனக்கே ஆச்சரியம். அப்பாடா என்று மூச்சுவிட்டுத் திரும்பினால் பின்னால் அத்தான் நிற்கிறார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் ஒரு தெளிவு.

"இந்த நேரத்துலயும் வாங்குதியே மாப்ளே. நான் பயந்துட்டேன்" என்றார்.

"எங்க வாங்குனேன் அத்தான்? வித்தேன்."

"நூறு வாங்குனதாத்தான போட்டுருக்கு."

பார்த்தேன். வாங்கியிருந்தேன். விற்கும் பொத்தானும் வாங்கும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எல்லோரும் விற்க முண்டியடித்துக்கொண்டு நின்ற பங்கை, அந்த நேரத்தில் இந்தியாவிலேயே வாங்க வந்தவன் நான் ஒருத்தன்தான் போல. கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள். சம்பளம் போய்விட்டது.

"அத்தான், நீங்க எதுக்கு இதெல்லாம் பாக்குதிய?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் தன் செல்போனைக் காட்டினார். நான் வந்து பெருமையடித்த மறுநாளே அவரும் வாங்கியிருக்கிறார். காயில் சுற்றும் மெஷின் வாங்க வைத்திருந்த பணம். என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. போதாததற்கு, இப்போது நான் நூறு வாங்கியதைப் பார்த்து, எனக்கு ஏதோ உள்தகவல் இருக்கிறது என்று நினைத்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே அவரும் இன்னொரு நூறு வாங்கிவிட்டார்.

"செல்விக்குத் தெரியாது" என்றார் அத்தான், மெல்ல.

"அப்பாவுக்கும் தெரியாது" என்றேன் நான்.

பிறகு இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விற்க முயன்றோம். ஒரு நாளைக்கு ஒரு பங்கு இவ்வளவுதான் விழலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிட்டால் விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. நாங்கள் வரிசையின் கடைசியில் நின்றோம். கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துட்டு கேட்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது அரைமணி நேரம் ஓடியிருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி காத்திருக்க முடியாமல் அடுத்தடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கதிர் அழுது ஓய்ந்து, பாதித் தலையோடு ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு, "பாதி வேண்டுதலா?" என்று கேட்டுப் போனார்கள். போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருந்தார். அக்கா என்னைத் திட்டவில்லை. பையனைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, "இருக்கியா, போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

மீதி மொட்டையும் காதுகுத்தும் முடிந்தது. சங்கிலியைப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பந்தியில் அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைக் கவனித்திருக்கிறார். குனிந்து, "சங்கிலிக்குத் துட்டு குடுக்கணுமேன்னு யோசிக்கியா? பத்திரம் இருக்குல்லா. திங்கக்கெழம அத வித்துக் குடுத்துருவோம். அதுக்குத்தான போட்டு வச்சேன்" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பத்திரம் இல்லை என்பதை, சம்பளம் இல்லை என்பதை, எல்லாவற்றையும். அப்பா இலையைப் பார்த்தபடி இருந்தார். எதிரே சாம்பார் வாளியோடு நின்ற அக்காவுக்கும் கேட்டுவிட்டது. மறுபக்கம் உட்கார்ந்திருந்த அத்தான்தான் எனக்காகப் பரிந்து வந்தார்.

"விடு செல்வி. அவன் கெடுதலுக்கா செஞ்சான்? நல்லா வரும்னு நம்பித்தான செஞ்சான். நானும்..."

அங்கே நிறுத்தினார்.

"நானும்?" என்றாள் அக்கா.

அத்தான் அப்பளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த அப்பளம் நொறுங்கிய சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த கதிரின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, என் சட்டைப் பையில், செல்போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்குக் கொண்டு கடையில குடுத்துரு. கடன் சங்கிலி எம்பிள்ளைக்கு வேண்டாம். இப்பம் ரெண்டு பேரும் சோத்தத் தின்னுங்க" என்றாள். தின்றோம். இரண்டாவது தடவை சாம்பாரும் ஊற்றினாள்.

நகைக்கடையில் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். மாதாமாதம் நகைச்சீட்டுக் கட்டி மறுவருஷம் கதிருக்கு ஒன்றேகால் பவுனில் ஒரு சங்கிலி போட்டேன். அதற்குள் தங்கம் விலை ஏறியிருந்தது. பிறகும் ஏறியது. இப்போது தொலைக்காட்சியில் தங்கம் விலை சொல்ல ஆரம்பித்தால் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அத்தானுக்கு மெஷின் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை அக்காவும் கடையில் உட்கார்ந்து கையால் காயில் சுற்றினாள். இப்போது அவள் சுற்றியது என்றால்தான் விவசாயிகள் மோட்டாரைக் கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பங்கு இன்னும் எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறது. வாங்கத்தான் யாரும் இல்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அக்கா ஒரு சட்டம் போட்டாள். விசேஷம் எதுவானாலும் சனி, ஞாயிறு, இல்லையென்றால் சந்தை விடுமுறை நாள். ஜோசியர் எவ்வளவு நல்ல வியாழக்கிழமை குறித்துக் கொடுத்தாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அன்னைக்கு இவன் மனுசனா இருக்க மாட்டான்" என்பாள். என் கல்யாணமே ஞாயிற்றுக்கிழமைதான். பெண் எடுத்தது சங்கரன்கோவிலில். புதன்கிழமை முகூர்த்தம் அருமையாக இருக்கிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று பெண் வீட்டில் கேட்டபோது, உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு அம்மா, "எங்க சாமிக்கு வார நாள் ஆகாது" என்று சொல்லிவைத்தாள்.

என் மனைவிக்கு உண்மை தெரிய இரண்டு வருஷம் ஆனது. அக்காதான் பாதி மொட்டைப் படத்தைக் காட்டிச் சொன்னாள். என் மனைவி அன்றைக்குச் சிரித்தது தெருவுக்கே கேட்டது. ஆனால் என் மாமியாரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. போன மாதம் அவர் தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். அன்றைக்கு அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

"வெள்ளிக்கெழம நல்ல முகூர்த்தம் இருந்துச்சு மாப்பிள்ளை. நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். "ஒங்க சாமி கோவக்கார சாமி. சம்பந்தம் பண்ணிட்டு நாங்க மீறலாமா?"

உள்ளே அடுக்களையில் அக்கா எதையோ கீழே போட்டாள்.