நிறவெறிக்கு எதிராக ஒரு ஜோடி கையுறை

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி இன்னும் ஒழியவில்லை என்றால் அதற்கு ஆம்பூர் பொறுப்பாகாது. ஆம்பூர் தன் கடமையைச் செய்துவிட்டது. சாட்சி நான்.

1978-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறவெறி எதிர்ப்பு ஆண்டு கொண்டாடச் சொன்னது. சபை சொல்லி எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி கோதண்டபாணி தட்டியதில்லை. "நிறவெறி ஒழிப்புக் கால்பந்துக் குழு" உடனே உதயமானது. தலைவர் அவர். செயலாளர் டிரில் மாஸ்டர் ராமமூர்த்தி. உறுப்பினர் பஞ்சாட்சரம். நடவடிக்கைக் குறிப்பு எழுத, ஷாப் டைப்பிஸ்டான நான். எங்கள் காலனியின் முதல் பி.ஏ. என்று தலைவர் என்னை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கு நாற்காலியைக் காட்டியதில்லை.

திட்டம் மகத்தானது. ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே அணியில் சேர்ந்து வேலூரை எதிர்ப்பார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவரும் பார்க்க வருகிறார். என் அண்ணன் ஏசுராஜ்தான் கோல் காக்கும் கோலி. ஒன்பது வருடமாக இதே ஷாப்பில், தோலை ஊறவைத்து முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவன். மாவட்ட அணியில் எடுத்துவிட்டால் மின்வாரியத்தில் வேலை கிடைக்கும், தொட்டியிலிருந்து கரையேறிவிடுவான்.

மகனை அணியில் சேர்த்திருந்த ஊர்க்காரர் பஞ்சாட்சரம் ஒரு தத்துவச் சிக்கலைக் கிளப்பினார்.

"கோலி பந்தைக் கையால புடிப்பான். அது வெளிய போனா எம்பையன் அதையே கையால எடுத்து எறியணும். இன்னா சார் நாயம் இது?"

"காலால தொட்டா?" என்றார் டிரில் மாஸ்டர்.

"கால்ல இன்னா இருக்குது? ரோட்ட எல்லாருந்தான் மிதிக்கறோம்."

குறித்துக்கொண்டேன்: 'காலால் சமத்துவம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. கையால் சமத்துவம் பரிசீலனையில் உள்ளது.'

"ஏசுராஜ தூக்கிட்டு வேற கோலி போட்டா?" என்றார் பஞ்சாட்சரம்.

"வேலூர்க்காரன் அஞ்சு கோல் போடுவான். பரவால்லியா?" என்றார் டிரில் மாஸ்டர்.

பரவாயில்லை என்று யாரும் சொல்லவில்லை. தீட்டைவிடத் தோல்வி பெரிது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பந்தே மாட்டுத் தோலுதான் சார். அதைத் தொடலாமா?"

"அது பதனிட்டது," என்றார் தலைவர்.

"பதனிட்டவன் யாரு சார்?"

"நீ குறிப்ப மட்டும் எழுதும்மா."

பிறகு அவரே ஞானம் பெற்றார். "கையுறை! அவன் கை பந்துல படாது. ஏற்றுமதி சாம்பிள் ஒரு ஜோடி இருக்குது, குடுத்துரலாம்."

கைதட்டினார்கள். பஞ்சாட்சரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டத்தன்று தலைவர் முக்கால் மணி நேரம் முழங்கினார். "மனுசனுக்கு மனுசன் ஒசத்தி தாழ்த்தி பாக்கறது காட்டுமிராண்டித்தனம்! தென்னாப்பிரிக்காவே, திருந்து!"

ஏசுராஜ் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியையும் பிடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். பஞ்சாட்சரத்தின் மகன் ஓடிவந்து கையுறையைக் குலுக்கினான்.

மாவட்ட அணித் தேர்வாளரும் வந்தார். அவருக்கு ஏனோ வெறும் கையைக் குலுக்க ஆசை. "உறையக் கழட்டு தம்பி."

கழற்றினான். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண். இரண்டு விரல்களில் நகமே இல்லை. உறைக்குள் ரத்தம்.

தேர்வாளர் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தார். "இந்தக் கையோட எப்பிடிப்பா எடுக்கறது? மூணு மாசம் சுண்ணாம்பு படாம பாத்துக்க. ஆறினதும் வா, கட்டாயம் எடுத்துக்கறேன்."

ஏசுராஜ் தலைவரிடம் போனான். "மொதலாளி, இந்த உறைய வேலைக்குப் போட்டுக்கறேன். மூணு மாசந்தான்."

தலைவர் அன்பாகச் சிரித்தார். "டேய், அது பந்துக்குக் குடுத்ததுடா." என் பக்கம் திரும்பி, "வாங்கி பீரோல வைம்மா," என்றார்.

திங்கட்கிழமை காலை அண்ணன் வெறுங்கையோடு தொட்டியில் இறங்கினான். மாடி ஆபீசில் நான் குறிப்பைத் தட்டச்சு செய்து முடித்தேன்: 'போட்டி இனிதே நிறைவுற்றது. ஒன்பது வருடமாக ஒரு மனிதனின் கையைச் சுண்ணாம்புக்குத் தின்னக் கொடுத்த நாங்கள், ஒன்றரை மணி நேரம் அந்தக் கையிடமிருந்து ஒரு பந்தைக் காப்பாற்றினோம்.'

தலைவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.