ஃபிரிட்ஜில் இருந்த கொள்ளிடம்

ஆற்றை வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. அப்படி வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவன். மீனோ நீர்நாயோ, தண்ணீரில் வாழும் எதுவும் செதில், எச்சில், கழிவு என்று எதையாவது ஆற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்தால், ஒன்றையும் பிடிக்காமலே ஆற்றில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இதை நான் பெண் வீட்டில் விலாவாரியாக விளக்கியபோது, வருங்கால மாமனார், "அப்ப மாப்ள ஆத்துத் தண்ணி அள்றாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன்பிறகு அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடத் தொடங்கியது. கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்ததால், அந்த யோசனை என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு மாலை, நீர்நாய் இருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிடத்தில் தண்ணீர் பிடித்துவந்து, லால்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அதே வாரம் மாமா மக்காவிலிருந்து ஜம்ஜம் புனித நீர் கொண்டுவந்திருந்தார். உறவினர்களுக்குப் பங்கு வைக்கச் சுத்தமான பாட்டில் தேடிய அம்மா, என்னிடம் காலியாக இருந்த பாட்டில்களில் அதை ஊற்றி, ஆற்றுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார். (லேபிள்? ஒட்டித்தான் இருந்தேன். ஃபிரிட்ஜ் ஈரத்தில் கழன்றுவிட்டது.)

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் வடிகட்ட உட்கார்ந்தேன். வழக்கமாகக் கொள்ளிடத்து வண்டல் வடிதாளை அடைத்து என் உயிரை வாங்கும். அன்று தண்ணீர் மடமடவென்று இறங்கியது. தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பதறிப்போய் அம்மாவுக்கு போன் அடித்தேன்.

"ஃபிரிட்ஜுல மிச்சம் இருந்த பாட்டில்லாம் எங்கம்மா?"

"ஜம்ஜமா? காலையிலயே சம்பந்தி வூட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். ஏன்டா?"

பெண் வீட்டில் லுஹர் என்னும் மதியத் தொழுகை நேரம். யாரும் போனை எடுக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலுக்கு பைக்கை விரட்டினேன். உள்ளே நுழைந்தால், வருங்கால மாமியார் முக்காடிட்டு, மக்கா இருக்கும் கிப்லா திசையை நோக்கி நின்று, எவர்சில்வர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோகிறார். சலாம்கூடச் சொல்லாமல் கத்தினேன்.

"குடிக்காதீங்க மாமி! அதுல நீர்நாய் இருக்கு!"

மாமி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லிவிட்டு, கல்யாணம் போயிற்று என்றே நின்றேன். மாமிதான் வாயைத் திறந்தார்.

"அதான் பாசி வாசன அடிக்குதேன்னு பாத்தேன். பரவால்ல மாப்ள, எடுத்துட்டுப் போங்க. ஒங்க ரெண்டு பேரும் நல்லாருக்கணும்னு பாட்டில்லயே ஓதி ஊதிட்டேன். ஒங்க ஆராய்ச்சிக்கும் சேத்து ஆவட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பாட்டிலைத்தான் பரிசோதித்தோம். விரால் வந்தது, கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது. நீர்நாய் இல்லை. மனித டிஎன்ஏ மட்டும் ஏராளம்.

"இது யாருய்யா?" என்றார் என் ஆராய்ச்சி கைடு.

"என் மாமியார் சார்."

கொள்ளிடத்தில் நான் இன்றுவரை நீர்நாயைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் காட்டுமன்னார்கோயிலிலிருந்து போன் வருகிறது.

"மாப்ள, நீர்நாய் பேசுறேன். சாப்டீங்களா?"